வாசலை அடைத்த சோபா

கதவு ஒரு சாண் திறந்து, எதிலோ இடித்து நின்றது.

பரமக்குடியில் என் மகள் ஜெனியின் வீடு அது. வைகை ஆற்றுக்கு இறங்கும் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு. வருகிறேன் என்று சொல்லாமல், பாம்பனில் முதல் ரயிலைப் பிடித்துப் போயிருந்தேன். உள்ளே கனமான எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு கிரீச்சென்று நீளமாகக் கத்திக்கொண்டு திறந்தது. மாப்பிள்ளை செந்தில் கசங்கிய சட்டையோடு நின்றார்.

“வாங்க அத்தை” என்றார். கண்கள் சிவந்திருந்தன.

நான் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. கதவை இடித்தது எது என்றுதான் பார்த்தேன். எங்கள் லெதர் சோபா. கல்யாணம் முடிந்ததும் நான் சீரோடு சேர்த்து அனுப்பியது. கூடத்தில் ஜன்னல் வெயில் படாத சுவராகப் பார்த்து, நானே நின்று போடவைத்தது. இப்போது அது வாசற்கதவுக்குப் பின்னால், செருப்பு கழற்றுகிற இடத்தில் கிடந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக் குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் அப்படி எழுத வரவில்லை. இதை எழுதலாமா என்று ஜெனியிடம் கேட்டேன். எழுதியதைப் போனில் வாசித்தும் காட்டினேன். ஓர் இடத்தை அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன்.

தோல் என்றால்

ஜெனியும் செந்திலும் விரும்பிக் கல்யாணம் செய்தவர்கள். நாங்கள் கோவிலுக்குப் போகிற கடற்கரைக் குடும்பம். கோவில் என்று நாங்கள் சொல்வது சர்ச்சை. அவர்கள் கமுதிப் பக்கம் மிளகாய்க் காடு வைத்திருக்கிற இந்துக் குடும்பம். செந்தில் பரமக்குடியில் கைத்தறிச் சேலைகளை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் தொழில் செய்கிறார்.

சோபா வண்டியில் போய் இறங்கிய அன்று சம்பந்தியம்மா கமுதியிலிருந்து வந்திருந்தார். அதைச் சுற்றி நடந்து பார்த்தார். தடவிப் பார்க்கவில்லை. “நல்லாத்தான் இருக்கு. தோல் சாமானு, சாமி படத்துக்கு நேரா மட்டும் போட்டுராதிய” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது மனதில் முள்ளாக நின்றுவிட்டது.

அதனால் அன்று காலையில் வாசலில் கிடந்த சோபாவைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தோல் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். சோபாவை வாசலுக்குத் தள்ளியவர்கள் என் மகளை எங்கே தள்ளியிருக்கிறார்களோ.

இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு தூரம் சந்தேகப்படுகிற ஆள் இல்லை நான். ஆனால் அந்த வருடம் ஜெனியின் வயிற்றில் இருந்த குழந்தை தங்கவில்லை. ஸ்கேனில் கை காலெல்லாம் பார்த்த பிறகு நடந்தது அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. யாராவது பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பதில்லை. வகுப்பில் பிள்ளைகள் கூப்பிட்டாலும்தான்.

மகளைக் கொஞ்ச நாள் பாம்பனில் வைத்திருந்து அனுப்பினேன். அதன் பிறகு ஜெனி போனில் பேசுவது சுருங்கிவிட்டது. என்ன கேட்டாலும் “நல்லாத்தாம்மா இருக்கேன்.” வீடியோவில் வரச் சொன்னால் சார்ஜ் இல்லை என்பாள். நேரில் போய்ப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சோபாவைத் துடைத்துப் பூசிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்பதுதான் அந்தச் சாக்கு. பையில் பழைய பனியன் துணிகள், மெல்லிய பிரஷ், சோப்பு, தோலுக்குப் பூசுகிற கிரீம் டப்பா, ஒரு பவுடர் டின் எல்லாம் இருந்தன.

பூனைகள் வந்த கதை

அந்தச் சோபா எங்களிடம் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரான மண்டபத்தில் வேலை பார்த்த அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. காப்பித்தூள் நிறம். உட்கார்ந்தால் மெதுவாக மூச்சு விட்டு உள்ளே வாங்கிக்கொள்ளும்.

பாம்பன் காற்றுக்கு இரும்பே நிற்காது. தோல் எம்மாத்திரம். கோடையில் உப்புக்காற்றில் வெடவெடவென்று காய்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. என் வீட்டுக்காரர் கடல் தொழிலில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள், வத்தைக்கு, அதாவது எங்கள் பக்கத்து மரப்படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயைச் சோபா முழுக்கப் பூசி வைத்திருந்தார்.

“மரம் வெடிக்காம இருக்கத்தான இதப் பூசுறோம். இதும் காயிற சாமான்தான” என்றார்.

சோபா பளபளத்தது உண்மை. ஆனால் மாலைக்குள் தெருப்பூனைகள் எல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டன. அந்த வாரம் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த சாமியார், எங்கள் பங்குப் பாதிரியார், அதில் உட்கார்ந்து ஜெபம் சொன்னார். எழுந்து போனபோது இரண்டு பூனைகள் அவர் அங்கிக்குப் பின்னாலேயே கோவில் வரைக்கும் போயின. ஜெனி அப்போது சின்னப் பிள்ளை. சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள்.

அந்த வாடையை எடுக்கப் போய்த்தான் நான் தோலைப் பழகினேன். முதலில் காய்ந்த துணியால் தூசி எடுக்க வேண்டும். தையல் மடிப்புகளுக்குள் பிரஷ் போட வேண்டும். சோப்பு நுரையைத் துணியில் எடுத்து, தண்ணீர் சொட்டாமல், ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டுத் துடைக்க வேண்டும். நிழலில் நன்றாக உலரவிட்டு அதன் பிறகுதான் கிரீம். அதையும் அள்ளி அப்பக் கூடாது. விரல் நுனியளவு எடுத்து வட்டமாகத் தேய்த்து, தோல் குடித்தது போக மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். பூஞ்சை பூத்தால் முற்றத்துக்குக் கொண்டுபோய்த்தான் தட்ட வேண்டும். வீட்டுக்குள் தட்டினால் மறுபடி அதிலேயே வந்து உட்காரும்.

எல்லாவற்றையும் விட மோசமானது தலை எண்ணெய். தோல் அதை உள்ளே இழுத்துக் கறுத்துவிடும். நாளானால் காறல் வாடை வரும். எங்கள் வீட்டில் எண்ணெய்த் தலையோடு யாரும் அதில் சாய முடியாது. துண்டு விரித்துத்தான் சாய வேண்டும். அப்பாவும் மகளும் என்னைக் கேலி செய்வார்கள். சோபாவுக்கும் ஞானஸ்நானம் கொடுத்துப் பேர் வைத்துவிடு என்பார் அவர்.

கதவுக்கு எண்ணெய்

பரமக்குடிக்குத் திரும்புகிறேன்.

ஜெனி படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, “எதுக்கும்மா இம்புட்டுக் காலையில” என்றாள். மெலிந்திருந்தாள். அவள் தலையைத் தொட்டுப் பார்த்தேன். தேங்காய் நார் மாதிரி காய்ந்து கிடந்தது. எண்ணெய் கண்டு எத்தனை நாள் ஆயிற்றோ. எங்கள் தீவுத் தேங்காயில் ஆட்டிய எண்ணெயைப் போன மாதம்தான் பெரிய பாட்டிலில் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

சமையலறையில் அந்தப் பாட்டிலைத் தேடி எடுத்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

அந்த வீட்டில் நல்லெண்ணெயில்தான் சமையல். செந்தில் தலையில் எண்ணெயே வைக்காத ஆள். எதையோ நுரை மாதிரி பூசித் தலைமுடியை நிமிர்த்தி வைத்துக்கொள்வார். ஜெனி தலையோ காய்ந்து கிடக்கிறது. அப்படியானால் ஒரு பாட்டில் எண்ணெய் எங்கே போனது?

கேட்கவில்லை. மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்ததில் இரண்டு சொட்டு எடுத்து, அந்தக் கத்துகிற கதவின் கீலில் விடலாம் என்று போனேன். சட்டை மாற்றிக்கொண்டிருந்த செந்தில் பாதிப் பொத்தானோடு ஓடிவந்தார்.

“வேணாம் அத்தை. அது கெடக்கட்டும்.”

“ஏன், காது கூசலையா உங்களுக்கு?”

“பழகிருச்சு அத்தை. விடுங்க.”

பாட்டிலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். இரண்டு சொட்டு எண்ணெய்க்கு ஒரு மனிதர் இப்படி ஓடிவருவாரா? அதையும் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சோபாவின் கை

அவர் சேலைக்கட்டுகளை அனுப்பக் கூரியர் ஆபீசுக்குப் போனார். போகும்போது ஜெனி படுத்திருந்த அறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். “நீங்க இங்கனயேதான இருப்பீக?” என்று கேட்டார். நான் அங்கே இருப்பது அவருக்கு உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நான் சோபாவில் வேலையை ஆரம்பித்தேன். மெத்தைகளைத் தூக்கி மடிப்புகளில் பிரஷ் போட்டேன். மணல் கொட்டியது. பாம்பனில் அந்த மடிப்புகளிலிருந்து எப்போதும் மணல் கொட்டும். எங்கள் வீட்டில் எதைத் தட்டினாலும் மணல்தான். யோசிக்காமல் முறத்தில் கூட்டி வைத்துவிட்டு அடுத்த மடிப்புக்குப் போனேன்.

வலதுபக்கக் கையைத் துடைக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. உள்ளங்கையை விடப் பெரிய கறுப்பு வட்டம். குனிந்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். லேசாகக் காறத் தொடங்கியிருந்தது.

ஒரு நாள் சாய்ந்ததில் வருகிற வட்டமில்லை அது. தினமும் ஒரே இடத்தில் ஒரு தலை கிடந்திருக்கிறது. மறுமுனையில் குதிகால் பட்டுத் தோல் மங்கியிருந்தது. யாரோ இதில் படுத்துத் தூங்குகிறார்கள்.

ஜெனி இல்லை. அவள் தலையைத்தான் தொட்டுப் பார்த்தேனே. பின்னே யார்? என் புத்தி எங்கெங்கோ போனது. இந்த வீட்டுக்கு வேறு ஒரு பெண் வந்து போகிறாளா என்பது வரைக்கும் போனது. எண்ணெய் உறிஞ்சுவதற்காகக் கறை மேல் பவுடரைக் கொட்டிவிட்டு, அந்த ஓரத்துத் தையலில் மறுபடி பிரஷ் போட்டேன். முடிகள் வந்தன. குட்டை முடிகள்.

செந்தில்தான்.

அப்போது எல்லாம் விளங்கிவிட்டது போல் இருந்தது. குழந்தை போன பிறகு என் மகளோடு ஓர் அறையில் படுக்க அவருக்குப் பிடிக்கவில்லை. வாசலோரம் தனியாகப் படுக்கிறார். ஊருக்குத் தெரியாமல் என் மகளைக் கைவிட்டுவிட்டார். அவள் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன் என்கிறாள்.

பவுடரைத் தட்டிவிட்டு மறுபடி கொட்டினேன். மறுபடி தட்டினேன். வட்டம் பாதி மங்கியது. அதை முழுசாக எடுத்துவிட்டால் என் மகளின் வாழ்க்கை நேராகிவிடும் என்பது போல அன்றைக்கு நான் அதோடு மல்லுக்கட்டினேன்.

மெதுவாகப் பேசியது

மதியத்துக்கு முன்பே அவர் திரும்பி வந்தார். ஜெனி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“மாப்பிள்ளை, இது தோலுன்னுதான வாசல்ல தள்ளி வச்சிருக்கீக?”

அவருக்குப் புரியவில்லை. சோபாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தோலா? என்னத்த அத்தை சொல்றீக?”

“சரி, அத விடுங்க. ராத்திரியில நீங்க எங்கன படுக்குறீக?”

அவர் மங்கிக் கிடந்த வட்டத்தைப் பார்த்தார். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டார்.

“மெதுவாப் பேசுங்க அத்தை. அவ முழிச்சுக்குவா.”

“முழிச்சாத்தான் என்ன?”

“யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்” என்றார். பிறகு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவ வெளிய போயிரக் கூடாதுன்னுதான் அத்தை இங்கன படுக்குறேன்.”

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுத என்னால் முடியாது. விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பாம்பனிலிருந்து திரும்பிய கொஞ்ச நாளில், விடிவதற்கு முன்னால் கதவுச் சத்தம் கேட்டு அவர் விழித்திருக்கிறார். ஜெனி பக்கத்தில் இல்லை. தெரு முனைக்கு ஓடினால் ஆறு. அந்த நேரத்து வைகையில் தண்ணீர் ஏது, கரைக்குக் கரை மணல்தான். நட்டநடுவில் ஜெனி செருப்பில்லாமல் நின்றிருக்கிறாள். கையைப் பிடித்து இழுத்தால் வரவில்லை.

“கடல் உள்வாங்கிருக்கு, இப்பத் திரும்ப வந்துரும், செத்த நேரம் நில்லுங்கன்னு சொன்னா அத்தை” என்றார்.

துணியைக் கீழே வைத்தேன். எங்கள் ஊரில் கடல் உள்வாங்குவது புதிதில்லை. காலையில் எழுந்து பார்த்தால் படகுகள் தரை தட்டிச் சாய்ந்து கிடக்கும். சங்கும் பாசியும் வெளியே தெரியும். சின்ன வயதில் ஜெனி அந்த ஈர மணலில் இறங்கி ஓடுவாள். திரும்ப வந்துவிடும், வா வா என்று கரையில் நின்று நான்தான் கத்துவேன். என் பிள்ளை அந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பாருங்கள்.

அதன் பிறகும் போயிருக்கிறாள். அவர் பூட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். என்னை வீட்டுக்குள்ளே அடைத்துவிட்டீர்களே என்று கதவோரம் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அதனால் பூட்டை எடுத்துவிட்டுச் சோபாவை இழுத்துப் போட்டிருக்கிறார். மதுரையில் டாக்டரம்மாவிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வைகை அணையில் தண்ணீர் திறக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டதிலிருந்து பகலிலும் சோபாவை நகர்த்துவதில்லை. கதவு கத்துவது அவருக்குத் தேவையாக இருந்தது.

“எண்ணெய்?” என்றேன். “உங்க தலையில எண்ணெய் ஏது?”

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

“சாயங்காலம் ஜெனிதான் தேச்சுவிடுறா. அவ வச்சுக்க மாட்டேங்குறா. எந்தலையில தேய்க்கையில மட்டுந்தான் வாய் தொறந்து பேசுறா அத்தை. அதான் தெனமும் உக்காந்துக்கிறேன்.”

முறத்தில் கூட்டி வைத்திருந்த மணலைப் போய்ப் பார்த்தேன். பருமனான, பழுப்பு நிறமான ஆற்று மணல். எங்கள் ஊர் மணல் மாவு மாதிரி வெளுத்திருக்கும். சோபா கடலை விட்டு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அதில் கடல் மணல் இருக்க வழியே இல்லை. ஆற்றிலிருந்து கூட்டிவந்து உட்காரவைத்த ஒவ்வொரு தடவையும் என் மகளின் காலிலிருந்து உதிர்ந்த மணல் அது. நான் அதைக் குப்பையாகக் கூட்டி வைத்திருந்தேன்.

துண்டு விரிக்காமல்

சாயங்காலம் ஜெனி எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். செந்தில் வழக்கம்போல் தரையில் உட்காரப் போனார். அவரை எழச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். ஜெனி உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி என் உச்சியில் வைத்தாள்.

வெகுநேரம் தலையில் விரல்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“இங்கன ஆத்துல நடந்தா நம்மூரு மாதிரியே இருக்கும்மா. தண்ணிதான் இல்ல.”

“விடியட்டும். வெளிச்சத்துல ரெண்டு பேரும் போவோம்” என்றேன்.

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அன்று ராத்திரி செந்திலை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னேன். சோபாவில் நான் படுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் துண்டு விரிக்காமல், எண்ணெய்த் தலையை அந்த வட்டத்தின் மேலேயே வைத்தேன். காலையில் மூன்று பேருமாகச் சோபாவை நகர்த்தினோம். கதவு கத்தியது. வெயில் ஏறும்வரை ஜெனியும் நானும் மணலில் நடந்துவிட்டு வந்தோம். காலைத் தட்டாமலே வந்து சோபாவில் உட்கார்ந்தோம்.

பள்ளிக்கூடத்தில் எடுத்திருந்த விடுப்பு தீரும்வரை அங்கேயே இருந்தேன். கிளம்பும்போது சோபாவுக்குக் கிரீம் பூசிவிட்டு வந்தேன், அந்த வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு.

இப்போது ஜெனி போனில் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள். மாத்திரை தொடர்கிறது. டாக்டரம்மா நல்ல முன்னேற்றம் என்கிறாராம். நான் பேச்சைக் கேட்பது பாதி, பேச்சுக்குப் பின்னால் கதவு கத்துகிறதா என்று கேட்பது பாதி. கூரியர்காரர் வரும்போது கத்தும். பால்காரர் வரும்போது கத்தும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

போன ஞாயிறு பேசிக்கொண்டிருக்கும்போது, “கூரியரண்ணே வந்துட்டாரும்மா, செத்த இரு” என்று எழுந்து போனாள். காதை அழுத்திவைத்துக் கேட்டேன். வந்தவரோடு பேசுகிற குரல் கேட்டது. கதவுச் சத்தம் கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்ததும் கேட்டேன். சிரித்தாள். பூனைகள் சாமியாருக்குப் பின்னால் போன அன்று சிரித்த சிரிப்பின் ஓரம் அதில் இருந்தது.

“நாந்தாம்மா எண்ணெய் விட்டேன். அந்தச் சத்தத்துல மனுசன் தூங்க முடியுதா?”

நல்லது செய்தாய் என்றேன். நம்பவும் செய்தேன். ஆனாலும் போனை வைத்த கையோடு மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். சோபா இப்போது எங்கே கிடக்கிறது என்று கேட்டேன்.

“வாசல்லதான் அத்தை” என்றார்.

“கெடக்கட்டும் மாப்பிள்ளை” என்றேன். “அங்கனயே கெடக்கட்டும்.”